ஆழப்பாரின் பஞ்சும் பவளமும்: வாசகர் கேள்வி – பதில்

சென்ற இதழில், தமிழ்நாடு–கேரள எல்லையை ஒட்டி நீரோடி முதல் விழிஞ்ஞம் வரையுள்ள கடலின் பார்களைப் பற்றிச் சிறு குறிப்பு ஒன்று எழுதியிருந்தேன். கடலடியில் மணலுக்கும் சேற்றுக்கும் நடுவே எழுந்து நிற்கும் பாறைத்திட்டையே நம் கடற்கரை மக்கள் பார் என்கிறார்கள். அதற்கு வந்த கடிதங்களில் பெரும்பாலானவை, முக்குளிப்பவர் எட்டும் ஆழத்துக்கும் கீழே கிடக்கும் பார்களைப் பற்றியே கேட்டிருப்பதால், இம்மாதப் பகுதி முழுவதையும் அவற்றுக்கே ஒதுக்கியிருக்கிறேன்.

கேள்வி: நாங்கள் கணிச்சம் பார்த்து, 40 பாகம் ஆழத்தில் கிடக்கும் பாரில் தூண்டில் போடுகிறவர்கள். சில நேரம் தூண்டிலோடு ஊதா நிறத்தில் பஞ்சு போன்ற துண்டும், விசிறி போல விரிந்த செடியும் ஏறி வருகின்றன. அவ்வளவு ஆழத்தில் வெயில் எட்டாதே. செடி எப்படி முளைக்கிறது? எதைத் தின்று வளர்கிறது?
— தூண்டில் தொழிலாளி ஒருவர், நீரோடி

பதில்: கரையில் தெரியும் மலையையும் கோபுரத்தையும் இரு கோடுகளாகக் கண்ணால் பிடித்து, அவை வெட்டும் இடத்தில் பாரைக் கண்டுபிடிக்கும் கணிச்சக் கலையை இன்னும் கைவிடாத உங்களுக்கு என் வணக்கம். 40 பாகம் என்பது ஏறத்தாழ 73 மீட்டர். நீங்கள் சொல்லும் இரண்டுமே செடிகள் அல்ல, இரண்டும் விலங்குகள். ஊதாத் துண்டு கடற்பஞ்சாக இருக்க வேண்டும். விரிந்து நிற்பது கடல் விசிறி. அது பவளத்தின் உறவு. அதன் கிளைகளைக் கடல்நீரில் வைத்து அசையாமல் பார்த்தால், கடுகளவே உள்ள நூற்றுக்கணக்கான சிற்றுயிர்கள், ஒவ்வொன்றும் எட்டுக் கைகளை விரித்துக்கொண்டு வெளியே எட்டிப் பார்ப்பதைக் காணலாம்.

வெளிச்சத்தைப் பற்றி நீங்கள் கேட்டது சரியான இடத்தைத் தொட்ட கேள்வி. கடல்நீர் முதலில் சிவப்பை விழுங்கிவிடுகிறது. முதல் பத்து மீட்டருக்குள்ளேயே சிவப்பு பெரும்பாலும் மறைந்து, ஆழம் செல்லச்செல்ல நீலம் மட்டும் எஞ்சுகிறது. தெளிந்த நடுக்கடலில் 70 மீட்டரிலும் மேற்பரப்பு வெளிச்சத்தின் சிறு பங்கு மிஞ்சியிருக்கும். நம் கரைக்கடலிலோ, அதிலும் ஆனி ஆடியில் ஆறுகள் கலக்கிவிட்ட நீரில், அதுவும் அரிது. ஆய்வாளர்கள் 30 மீட்டர் முதல் ஏறத்தாழ 150 மீட்டர் வரையுள்ள இந்தப் பகுதியை மங்கொளி மண்டலம் என்ற பொருளில் பெயரிட்டு அழைக்கிறார்கள். உங்கள் 40 பாகப் பார் அதன் நடுவில் கிடக்கிறது.

வெயில் எட்டும் மேற்பாரில் உள்ள பவளம் தன் உடலுக்குள் நுண்பாசியைக் குடிவைத்து, அது வெயிலில் சமைக்கும் உணவில் பெரும்பங்கை வாங்கிக்கொண்டு வாழ்கிறது. மங்கொளியில் அந்தக் குடித்தனம் நடத்துவது கடினம். ஆயினும் சில பவளங்கள் விடாமல் நடத்துகின்றன. மேலே குன்று போலவும் கிளை போலவும் வளரும் இனத்தின் உறவுகள், கீழே மெல்லிய தட்டாகப் பரந்து, விழும் ஒவ்வொரு துளி வெளிச்சத்தையும் வாங்கிக்கொள்கின்றன. பசிபிக்கில் பிரெஞ்சு பொலினீசியாவின் கம்பியர் தீவுகளில், நுண்பாசியோடு வாழும் அத்தகைய தட்டுப் பவளம் ஒன்று 172 மீட்டர் ஆழத்தில் கண்டெடுக்கப்பட்டிருக்கிறது.

கடல் விசிறி போன்றவற்றில் பலவும் வெயிலை நம்பியிருப்பதே இல்லை. உங்கள் ஊரில் நீரோட்டத்துக்குக் குறுக்கே வலை விரிப்பதைப் போல, கடல் விசிறியும் ஓட்டத்துக்குக் குறுக்காகவே தன் தட்டை விரித்து வளர்கிறது. நீர் கொண்டுவரும் மிதவை நுண்ணுயிர்கள் அந்தச் சிறு கைகளில் சிக்குகின்றன. ஆகையால் ஓட்டம் நன்றாக வரும் பார் முனைகளில்தான் விசிறிகள் செழித்து நிற்கும். மீனும் அங்கேதான் நிற்கும் என்பதை உங்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை.

கடற்பஞ்சு செய்யும் வேலை இதைவிட நுணுக்கமானது. அதன் உடலெங்கும் ஊசிமுனைத் துளைகளும் அவற்றைத் தொடரும் கால்வாய்களும் உள்ளன. கால்வாய்ச் சுவர்களில் சாட்டை போன்ற இழை உடைய உயிரணுக்கள் ஓயாமல் அடித்து நீரை உள்ளே இழுக்கின்றன. ஒரு பஞ்சு தன் உடற்கொள்ளளவைப்போலப் பல ஆயிரம் மடங்கு நீரை ஒரே நாளில் இறைத்துவிடும். வலையிலும் வடிகட்டியிலும் நிற்காத பாக்டீரியாக்களையும் அது பிடித்து உண்கிறது. அதற்கும் மேலாக, நீரில் சர்க்கரை போலக் கரைந்து கண்ணுக்குத் தெரியாமல் கிடக்கும் உயிர்ப்பொருளையும் சில பஞ்சுகள் உறிஞ்சிக்கொள்கின்றன. மீனோ இறாலோ நண்டோ அந்தக் கரைசலைத் தின்ன முடியாது.

கரிபியக் கடலின் குராசாவோ தீவில் நடந்த ஆய்வொன்று 2013-இல் இந்தக் கதையின் மறுபாதியைத் தெளிவாக்கியது. பவளமும் பாசியும் கசியவிடும் கரைசலைப் பஞ்சு குடிக்கிறது. குடித்ததைக் கொண்டு உடலைப் பெருக்கிக்கொள்ளாமல், தன் வடிகட்டும் உயிரணுக்களை மணிக்கணக்கில் புதுப்பித்து, பழையவற்றைத் துகள்களாக வெளியே தள்ளுகிறது. அந்தத் துகளைப் புழுவும், நட்சத்திரமீனின் உறவான நொறுங்குநட்சத்திரமும் நத்தையும் தின்கின்றன. அவற்றை மீன் தின்கிறது. அந்த ஆய்வு ஆழமற்ற நீரின் பொந்துகளில் வாழும் பஞ்சுகளைக் கொண்டு செய்யப்பட்டது. பின்னர் 2016-இல், பவளம் சுரக்கும் சளியை வைத்து, குளிர்ந்த ஆழ்கடல் பார்களின் பஞ்சுகளும் இதே வேலையைச் செய்வதைக் காட்டினார்கள். வெயில் மங்கிப்போன இடத்தில் இந்தச் சுழற்சி இல்லையென்றால், கரைந்த உணவெல்லாம் நீரோட்டத்தோடு போய்விடும். பஞ்சு அதைப் பிடித்துப் பாரிலேயே தங்கவைக்கிறது. உங்கள் தூண்டிலில் ஏறும் கலவா மீனின் உடலில் அந்த ஊதாத் துண்டின் பங்கு இருக்கக்கூடும் என்று நினைக்கும்போது எனக்கு இன்றும் வியப்பு அடங்குவதில்லை.

ஒன்றை மட்டும் சேர்த்துக்கொள்கிறேன். கரிபியக் கடலில் பல இடங்களில் 30 மீட்டருக்குக் கீழே பஞ்சுகள் கூடிக்கொண்டே போகின்றன. ஆழத்தில் உணவு மிகுதி என்பதே காரணம் என்று ஒரு சாராரும், பஞ்சைக் கடிக்கும் மீன்கள் அங்கே குறைவு என்று மற்றொரு சாராரும் ஆண்டுக்கணக்கில் வாதிட்டு வருகிறார்கள். ஒரே காரணம் எல்லாக் கடலுக்கும் பொருந்தும் என்று எனக்குத் தோன்றவில்லை.

கேள்வி: கடற்பஞ்சுக்கு வாயும் இல்லை, வயிறும் இல்லை, நகர்வதும் இல்லை, அதை விலங்கு என்று எப்படிச் சொல்லலாம் என்று ஆறாம் வகுப்பு மாணவி ஒருத்தி கேட்கிறாள். எனக்கும் நிறைவான விடை தெரியவில்லை.
— ஆசிரியை ஒருவர், பாறசாலை

பதில்: அந்த மாணவியின் ஐயம் நூற்றாண்டுகளாக அறிஞர்களுக்கும் இருந்ததுதான் என்று அவளிடம் சொல்லுங்கள். 1825-இல் ஸ்காட்லாந்தின் ராபர்ட் கிராண்ட், உயிருள்ள பஞ்சு ஒன்றைக் கண்ணாடிப் பாத்திரத்தில் வைத்து உருப்பெருக்கியில் பார்த்து, அதன் பெரிய துளைகளிலிருந்து நீர் ஊற்றுப்போலப் பீறிடுவதை எழுதினார். பஞ்சு தன் உணவைத் தானே சமைக்காமல் பிறவற்றைத் தின்று வாழ்கிறது; அதன் இளம்பருவம் நீரில் நீந்தித் திரிந்து, பிடித்த பாறை கிடைத்த பிறகே ஓரிடத்தில் உட்காருகிறது. அவளுக்கு இன்னொன்றும் பிடிக்கும் என நினைக்கிறேன்: 1907-இல் எச்.வி. வில்சன் என்ற அமெரிக்க ஆய்வாளர் பஞ்சைப் பட்டுத்துணியில் பிழிந்து தனித்தனி உயிரணுக்களாக்கினார். அவை பாத்திரத்தின் அடியில் ஊர்ந்து ஒன்றையொன்று தேடிச் சேர்ந்து, மீண்டும் பஞ்சாக அமைந்தன.

கேள்வி: மேலே உள்ள பவளங்கள் கடல் சூடேறி வெளிறிப்போனாலும், ஆழத்தில் உள்ளவை தப்பிப் பிழைத்து, பிறகு மேலே விதைபோட்டு மீட்டுவிடும் என்று படித்தேன். இது உண்மைதானா? உண்மையென்றால் அவ்வளவு கவலைப்பட வேண்டியதில்லை அல்லவா?
— கல்லூரி மாணவர் ஒருவர், மார்த்தாண்டம்

பதில்: இதையே நான் மிகுந்த கவலையோடு எதிர்நோக்கியிருந்தேன். ஆழப்பாரை மேற்பாரின் சேமநிதி போலக் கருதும் எண்ணம் எளிதில் மனத்தில் ஒட்டிக்கொள்கிறது. அது பெரும்பாலும் தவறு.

எண்ணத்தின் தொடக்கம் நியாயமானதே. கீழே நீர் குளிர்ந்தது, புயல் அலை அவ்வளவாக எட்டாது, வெயில் சுடாது. மேலும் கீழும் வாழும் இனங்கள் சில உண்டு என்பதும் உண்மை. ஆனால் 2017-இல் பெர்முடாவின் பவளங்களின் மரபணுக்களை ஒப்பிட்டுப் பார்த்தபோது, மேலும் கீழும் வாழும் இனங்களிலேயே ஒன்றில் மேல்குடியும் கீழ்க்குடியும் தனித்தனியாகப் பிரிந்து கிடந்தன. மற்றொன்றில் அவை கலந்திருந்தன. அதாவது, கீழிருந்து மேலே விதை வரும் என்பது இனத்துக்கு இனம் மாறும். அடுத்த ஆண்டு அட்லாண்டிக், பசிபிக் கடல்களின் ஆழப்பார்களில் இறங்கிப் பார்த்தவர்கள், அங்குள்ள மீன்களும் பவளங்களும் மேலே உள்ளவற்றிலிருந்து பெரிதும் வேறானவை என்றும், புயலும் மீன்பிடிப்பும் கழிவும் அங்கும் எட்டிவிட்டன என்றும் எழுதினார்கள்.

நம் இந்தியப் பெருங்கடலிலேயே நடந்ததை நீங்கள் அறிய வேண்டும். 2019 நவம்பரில் சாகோஸ் தீவுக்கூட்டத்தில் ஆய்வாளர்கள் எந்திரக் கண்களைக் கீழே அனுப்பியபோது, 90 மீட்டர் ஆழத்தில் பவளங்கள் வெளிறிக் கிடந்தன. மேலே இருந்தவையோ நலமாகவே இருந்தன! கடலில் சூடான மேல்நீருக்கும் குளிர்ந்த கீழ்நீருக்கும் நடுவே ஓர் எல்லைப் படலம் உண்டு. அவ்வாண்டு இந்தியப் பெருங்கடலின் கிழக்குக்கும் மேற்குக்கும் இடையே வெப்பம் வழக்கத்துக்கு மாறாகச் சாய்ந்ததால், அந்த எல்லை கீழே இறங்கியது. 22 பாகையில் பழகியிருந்த ஆழத்து நீர் 29 பாகை வரை ஏறியது. மேற்பரப்பின் வெப்பத்தை மட்டும் அளக்கும் செயற்கைக்கோளுக்கு இது தெரிந்திருக்காது. ஆழப்பார் தனக்கென வேறு நோய்களை உடையது. மேற்பார் தப்பிய ஆண்டிலும் அது நோயுறலாம்.

ஆகவே கவலைப்பட வேண்டியதில்லை என்ற முடிவுக்கு வராதீர்கள். மேற்பாருக்கு உதவுமோ உதவாதோ, ஆழப்பார் தன்னளவில் காக்கப்பட வேண்டிய ஓர் உலகம்.

கேள்வி: ஆடி மாதத்தில் அடிநீர் திடீரெனத் தணுத்துவிடும், பாரில் மீன் நிற்காது. இந்தத் தணுப்பு பாரில் ஒட்டிக் கிடக்கும் உயிர்களைக் கொல்லுமா?
— வள்ளக்காரர் ஒருவர், பொழியூர்

பதில்: மேற்கிலிருந்து வரும் கச்சான் காற்று வீசும் மாதங்களில் கரையோர மேல்நீர் கடலுக்குள் தள்ளப்பட, ஆழத்து நீர் அந்த இடத்தை நிரப்ப ஏறி வருகிறது. அது தணுத்தது மட்டுமல்ல, உயிர்க்காற்றும் குறைந்தது. மீன் விலகுவதற்கு இந்த இரண்டாவது காரணம் பெரியது. ஓட முடியாத உயிர்களில் கடற்பஞ்சு ஓரளவு தாங்கும்: பஞ்சு ஒன்றைச் சோதித்தபோது, வழக்கமான ஆக்சிஜனில் நூற்றுக்கு ஐந்து பங்குக்கும் குறைவாக இருந்த நீரிலும் அது உயிரோடு இருந்திருக்கிறது. அந்த நீர் கொண்டுவரும் உரம் மிதவை நுண்ணுயிர்களைப் பெருக்குவதால், பின்னர் பஞ்சுக்கும் விசிறிக்கும் அதுவே உணவாகிறது. வெயிலும் தெளிந்த வெதுநீரும் வேண்டும் பவளங்கள் இங்கே லட்சத்தீவைப் போல ஓங்கி வளராததற்கு இந்தத் தணுப்பும், ஆற்றுக் கலங்கலும் சேர்ந்தே காரணம்.

கேள்வி: கடற்பஞ்சு பவளத்தைக் கொல்லும் என்று செய்தியில் வந்தது. நீங்களோ அதைப் புகழ்ந்து எழுதுகிறீர்கள். எது சரி?
— வாசகி ஒருவர், பூவார்

பதில்: இரண்டும் சரி, ஆனால் ஒரே பஞ்சைப் பற்றியவை அல்ல. செய்தியில் வந்தது டெர்பியோஸ் என்ற கறுப்புப் பஞ்சாக இருக்கும். மெல்லிய தோல்போலப் பரவி உயிருள்ள பவளத்தை மூடிக் கொன்றுவிடும் அது, முதலில் பசிபிக்கின் குவாம் தீவில் கவனிக்கப்பட்டு, பின்னர் நம் மன்னார் வளைகுடாவிலும் காணப்பட்டது. அதன் உடலில் நிறைந்திருக்கும் நீலப்பச்சை நுண்ணுயிர்களுக்கு வெயில் வேண்டும். ஆகையால் அது மேற்பாரின் தொல்லை. கிளியோனா என்ற மற்றொன்று, அமிலத்தால் சுண்ணாம்பை அரித்துச் சிறுசிறு செதில்களாகப் பெயர்த்து, பவளத்தின் எலும்புக்குள்ளேயே வளை தோண்டிக் குடியிருக்கிறது. இது கேடு போலத் தோன்றினாலும், பெயர்ந்த செதில்தான் பார் அடிவாரத்து நுண்மணலில் ஒரு பங்கு.

மறுபக்கம், உடைந்து உருளும் பவளத் துண்டுகளைப் பஞ்சுகள் பசைபோலப் பிணைத்துப் பிடித்து, அவற்றின்மேல் புதிய பவளக் குஞ்சு உட்கார இடம் தருவதைக் கரிபியக் கடலில் ஆய்வாளர்கள் 1980-களிலேயே செய்து காட்டினார்கள். பஞ்சே பாரைக் கட்டுவதும் உண்டு. கனடாவின் மேற்குக் கரைக்கடலில் 1980-களின் இறுதியில், 140 மீட்டருக்கும் கீழே, கண்ணாடி இழையால் உடல் அமைந்த பஞ்சுகள் தலைமுறைமேல் தலைமுறையாக ஏறி, ஏழு மாடி உயரம் வரை கட்டிய பார்களைக் கண்டார்கள். அத்தகைய பார்கள் டைனோசர் காலத்துப் பாறைகளில் மட்டுமே எஞ்சியவை என்று அதுவரை எண்ணியிருந்தார்கள். ஏறத்தாழ 9,000 ஆண்டு வயதுடைய அவற்றை 2017-இல் அந்நாட்டு அரசு காப்பிடமாக அறிவித்தது.

கேள்வி: நான் கலவா வாங்கி விற்பவள். இழுவைமடி (கடலடியை உரசி இழுக்கும் வலை) இழுத்த பாரில் கலவா ஏறுவதில்லை என்று வீட்டுக்காரர் சொல்கிறார். ஆண்டுதோறும் மீன்பிடித் தடைக்காலம் இருக்கிறதே, அதில் பார் தேறிவிடாதா? எத்தனை ஆண்டில் பழையபடி ஆகும்?
— மீன் விற்கும் பெண் ஒருவர், கொல்லங்கோடு

பதில்: அம்மா, உங்கள் வீட்டுக்காரர் சொல்வதை நான் நம்புகிறேன். நம் எல்லைக்குப் பக்கத்தில் இரண்டு தடைக்காலங்கள் உண்டு: தமிழ்நாட்டு மேற்குக் கரையில் சூன் 1 முதல் சூலை 31 வரை 61 நாள், கேரளத்தில் 52 நாள். முட்டையிட்டுப் பெருகும் மீனுக்கும் இறாலுக்கும் அந்த ஓய்வு உதவும். உடைந்த விசிறிக்கோ பெயர்ந்த பஞ்சுக்கோ இரண்டு மாதம் என்பது கணக்கிலேயே வராத காலம்.

1960-களில் இந்தோ-நார்வே திட்டத்தின் வருணா என்ற கப்பல் கேரளக் கடலை ஆராய்ந்தபோது, ஏறத்தாழ 75 முதல் 110 மீட்டர் வரையுள்ள கரடுமுரடான தரையில் கலவா மிகுந்திருப்பதைக் குறித்தது. கலவா மணல்வெளியில் நிற்கும் மீன் அல்ல. பொந்தும் விசிறி நிழலும் பஞ்சின் மறைவும் அதன் வீடு. வீட்டைச் சமமாக்கிவிட்டால் மீன் எங்கே நிற்கும்?

நார்வேக்காரர்கள் தங்கள் நாட்டிலேயே இதைக் கண்டு வருந்தினார்கள். அங்கே வெயிலே எட்டாத ஆழத்தில், நுண்பாசியின் துணையின்றி வளரும் வெள்ளைப் பவளம் பெரும்பார்களைக் கட்டியிருக்கிறது; 2002-இல் கண்டறியப்பட்ட ரோஸ்ட் பார் ஏறத்தாழ 40 கிலோமீட்டர் நீளம். அந்நாட்டு ஆழப்பவளத்தில் 30 முதல் 50 சதவீதம் வரை இழுவைமடியால் சேதமுற்றிருக்கும் என்று அதே ஆண்டில் கணித்தார்கள். அதற்கு மூன்று ஆண்டு முன்பே, பவளப் பார்களின்மேல் மடி இழுப்பதை நார்வே தடுக்கத் தொடங்கியிருந்தது. அமெரிக்காவின் புளோரிடாவுக்கு எதிரே 70 முதல் 100 மீட்டர் ஆழத்தில் உள்ள ஆக்குலைனா பார்கள் 1984-இலேயே காப்பிடமாயின. ஆயினும் இறால் மடிகள் அவற்றின் பெரும்பகுதியைச் சரளையாக்கிவிட்டன. இத்தனைக்கும் ஆக்குலைனா ஆழத்தில் வேகமாக வளரும் பவளம்: 80 மீட்டரில் ஆண்டுக்கு ஏறத்தாழ 16 மில்லிமீட்டர், வெயிலுள்ள 6 மீட்டரிலோ 11 மட்டுமே. அந்த வேகத்திலும் ஆள் உயரத் திட்டு ஒன்று எழ நூறு ஆண்டு ஆகிவிடும். கறுப்புப் பவளத்தின் கதை இன்னும் கடுமை. ஹவாய் ஆழ்கடலில் எடுத்த ஒன்று 4,265 ஆண்டு வயதுடையது என்று கார்பன் கணக்கால் அறிந்தார்கள். அதன் தண்டு ஆண்டுக்குச் சில மைக்ரான் மட்டுமே பருக்கிறது (ஆயிரம் மைக்ரான் சேர்ந்தால் ஒரு மில்லிமீட்டர்). கரிகாலன் பிறப்பதற்கும் ஈராயிரம் ஆண்டு முன்பு முளைத்த உயிர் அது.

எத்தனை ஆண்டு என்று கேட்டீர்கள். பஞ்சுகள் சில பத்தாண்டுகளில் ஓரளவு திரும்பலாம், பாறை உருளாமல் நின்றால். விசிறிகளுக்கு அதைவிடக் கூடுதலாக வேண்டும். கறுப்புப் பவளம் இருந்த பார் என்றால், உங்கள் பேரப்பிள்ளைகளின் பேரப்பிள்ளைகளும் அதைப் பழையபடி பார்க்க மாட்டார்கள். எந்தப் பார் எங்கே கிடக்கிறது என்பதைத் தூண்டில்காரர்களைப் போல வேறு எவரும் அறியமாட்டார்கள். அந்தப் பார்களைக் குறித்துக்கொண்டு, அவற்றின்மேல் மடி இழுக்காமலிருக்க ஊர்கள் தங்களுக்குள் முடிவு செய்வதே தடைக்காலத்தால் ஆகாத வேலையைச் செய்யும்.

கேள்வி: தூண்டிலில் வந்த கடல் விசிறியைக் காயவைத்துச் சுவரில் மாட்டலாமா? பஞ்சைத் திரும்பக் கடலில் போட்டால் பிழைக்குமா?
— இளைஞர் ஒருவர், தூத்தூர்

பதில்: கடல் விசிறி, கறுப்புப் பவளம், பார் கட்டும் பவளங்கள் அனைத்தும் 2001 முதல் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் உள்ளன, வைத்திருப்பதும் விற்பதும் குற்றம். எனவே காயவைக்க வேண்டாம், வந்த இடத்திலேயே நீரில் விட்டுவிடுங்கள். பஞ்சைப் பொறுத்தவரை, அதன் கால்வாய்களுக்குள் காற்றுப் புகுந்துவிட்டால் அது பெரும்பாலும் பிழைக்காது. ஆகையால் பஞ்சு சிக்கியது தெரிந்தால், வள்ளத்துக்குள் ஏற்றாமல், நீருக்கடியிலேயே தூண்டில் முள்ளைக் கழற்றி விடுங்கள்.